புகையே இல்லையே ஆன்ட்டி

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரின் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். 2007-இல் மாற்றினார்கள். எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான், பாதிப் பேருக்கு வெறும் பத்தாங். இந்த ஊரில் நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். விடியற்காலையில் தோட்டத்து வீடுகளில் ஆரம்பித்து, தாமான் தாமானாக, அதாவது ஒவ்வொரு குடியிருப்பிலும் நின்று ஏற்றிக்கொண்டு, தமிழ்ப்பள்ளியில் சின்னதுகளை இறக்கிவிட்டு, பெரியதுகளை இடைநிலைப் பள்ளி வாசலில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். மத்தியானம் அதே வழியில் திரும்ப வேண்டும்.

வேனைக் கழுவும்போதுதான் பிள்ளைகளைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்வேன். யார் காலையில் பசியாறாமல் வருகிறான், யாருக்குக் கணக்கில் சிகப்பு மை விழுந்தது, யார் யாருக்குக் கடிதம் எழுதினான், எல்லாம் சீட்டுக்கு அடியில் கிடக்கும். கொஞ்ச காலமாகக் கடைசி சீட்டின் இடுக்கில் வேறு ஒன்றும் கிடைக்கிறது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பளபளப்புப் பொட்டலம், மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தது. உள்ளே பழுப்பாகத் தூள் ஒட்டியிருக்கும். முகர்ந்தால் முதலில் புதினா மிட்டாய் வாசம், அப்புறம் ஏலக்காய். அதுக்கும் அடியில், எங்கள் அம்மாவின் சுருக்குப் பையைத் திறந்தால் வருமே, அந்தப் போயிலை நெடி.

அதோடு ஒரு தண்ணீர் போத்தல். கால்வாசிக்குப் பழுப்பு நிறத்தில் ஏதோ இருந்தது. யாரோ குடித்து மிச்சம் வைத்த தே ஓ, பால் சேர்க்காத தேநீர் என்று நினைத்து மூடியைத் திறந்துவிட்டேன். அத்தனையும் எச்சில். அன்றைக்குப் பசியாறவே பிடிக்கவில்லை.

யார் என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரமாகவில்லை. கடைசி சீட் எப்போதும் நான்காம் படிவப் பையன்களுக்குத்தான். அதில் ஒருவன் பள்ளிக் கால்பந்துக் குழுவில் வலதுபக்கம் ஓடுகிறவன். காற்று மாதிரி ஓடுவான். அவனைத்தான் கேட்டேன். பயப்படவே இல்லை.

"சிகரெட் பிடிச்சா மூச்சு வாங்கும் ஆன்ட்டி, ஓட முடியாது. வேப் வச்சிருந்தா சார் பையைக் கொட்டுவாரு. இது ஒண்ணும் இல்ல. புகையே இல்லையே ஆன்ட்டி."

அவனைத் திட்ட வாயெடுத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் ஒரு நியாயம் தெரிந்தது. நாம் சொல்லிக்கொடுத்ததைத்தானே அவன் திருப்பிச் சொல்கிறான்? பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தில் கறுத்துப்போன நுரையீரல். கோயில் மண்டபத்துச் சொற்பொழிவில் "புகை நமக்குப் பகை". 2023 மார்ச் 31-இல் நிக்கோட்டின் திரவத்தை விஷப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்ததிலிருந்து நாடு முழுக்க வேப் என்கிற மின்சிகரெட் பேச்சுத்தான். 2024 அக்டோபர் 1-ஆம் தேதி புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்ததும், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக்கூடாது என்று கடையில் அறிவிப்பு ஒட்டினார்கள். எல்லாம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டொழுங்கு ஆசிரியர் பையைக் கொட்டித் தேடுவது கருவியை, மூக்கால் தேடுவது வாசத்தை. கன்னத்துக்குள் அடக்கி வைத்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்? வாய்க்குள் ஏதோ மிட்டாய் என்று விட்டுவிடுவார்.

எந்தக் கடையில் வாங்குகிறான் என்று நான் எழுதப் போவதில்லை. பத்தாங்கில் உள்ளவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் சரமாகத் தொங்கும்.

பையன்களிடம் பேச்சுக் கொடுத்ததில் இதில் பல ரகம் இருப்பது தெரிந்தது. பாக்குத் தூள், போயிலை, சுண்ணாம்பு, வாசனை எல்லாம் கலந்து பொட்டலத்தில் வருவது குட்கா. வெறும் போயிலையை உள்ளங்கையில் கொட்டி, சுண்ணாம்பு தொட்டு, கட்டைவிரலால் தேய்த்து, மறு கையால் ரெண்டு தட்டுத் தட்டித் தூசியைப் பறக்கவிட்டு, கீழ் உதட்டுக்குள் வைத்துக்கொள்வது கைனி. ஒருவன் எனக்குச் செய்தே காட்டினான். இருபது வருஷம் தோட்டத்தில் வேலை செய்தவனைப் போலக் கை அவ்வளவு லாவகமாகப் போனது. தேநீர்ப் பை போலக் குட்டியாகத் தைத்து, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் சொருகுகிற ரகமும் உண்டு. இப்போது புதிதாக, போயிலை இலையே இல்லாமல் நிக்கோட்டினை மட்டும் ஏற்றிய வெள்ளைப் பைகளும் வந்துவிட்டன. பார்ப்பதற்கு மிட்டாய் டப்பா மாதிரியே இருக்கும்.

"பங்களாதேஷ்காரன் கொண்டு வந்து பழக்கிட்டான்" என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். செம்பனைக் குலை வெட்ட வந்தவர்கள் கைனி போடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் இதில் அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நம் பாட்டிமார் மென்றது என்னவாம்? வெற்றிலையைச் சுற்றி மடித்துவிட்டால் போயிலை போயிலை இல்லையா?

சரி, அந்தப் பையனின் வாதத்துக்கு வருகிறேன். போதை ஏறுவதற்குப் புகை தேவையே இல்லை. வாய்க்குள் இருக்கும் மெல்லிய தோல் வழியாகவே நிக்கோட்டின் ரத்தத்தில் கலக்கும். சுண்ணாம்பு சேர்ப்பதே அதற்காகத்தான். சுண்ணாம்பால் காரத்தன்மை (உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) கூடினால் நிக்கோட்டின் சுலபமாக உள்ளே இறங்கும். நம் பாட்டிமாருக்கு வேதியியல் தெரியாது, ஆனால் சுண்ணாம்பு இல்லாமல் போட்டால் "ஏறாது" என்று தெரியும். சிகரெட்டில் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். இது மெதுவாக ஏறி, ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். இருபத்தைந்து வயது வரை மூளை வளர்ந்துகொண்டேதான் இருக்கும் என்கிறார்கள். அந்த வயதுக்குள் நிக்கோட்டினைப் பழக்கிவிட்டால் பிடி இன்னும் இறுகும். கவனமும் மனநிலையும் அதற்கேற்ப ஆடும். காலையில் வேனில் ஏறும்போதே சிடுசிடுவென்று ஏறி, ஒரு பொட்டலம் உள்ளே போனதும் குழந்தை போலச் சிரிக்கும் முகங்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் ஓட்டுகிறேன்.

"ஓட முடியும்" என்றானே, அதுவும் பாதிதான் சரி. நிக்கோட்டின் உள்ளே போனால் நெஞ்சுத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். வைக்கிற இடத்தில் ஈறு கீழே இறங்கும். பல்லின் வேர் வெளியே தெரியும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்னும். ருசிக்குச் சேர்க்கும் சர்க்கரையால் சொத்தை விழும்.

பெரிய விஷயம் புற்றுநோய். புகையாத போயிலையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் குறைந்தது 28 இருப்பதாகக் கண்டறிந்திருக்கிறார்கள். நெருப்பு பட்டால்தான் விஷம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இலையைப் பதப்படுத்திப் புளிக்கவைக்கும்போதே நைட்ரோசமைன் என்ற வகை உருவாகிவிடுகிறது. இதில் மிக மோசமானது அதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையாத போயிலையை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களுக்கான பிரிவு அது. வாய், உணவுக்குழாய், கணையம் என்று மூன்று இடத்தைச் சொல்கிறார்கள்.

அதே அமைப்பு 2004-இல் இன்னொன்றையும் அந்த முதல் பிரிவில் சேர்த்தது. பாக்கு. போயிலை கலக்காத, வெறும் பாக்கு. நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. தாம்பூலத்தில் வைப்பது, சாமிக்குப் படைப்பது, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்பார்கள். எனக்கும் இது புத்தகத்தில் படித்துத் தெரியவில்லை, அம்மாவால் தெரிந்தது.

அம்மா ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், வெயில் ஏறும் முன் தன் மர வரிசையை முடிக்க வேண்டும். பசிக்கும் தூக்கத்துக்கும் ஒரே மருந்து இடுப்பில் செருகிய சுருக்குப் பைதான். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பா, போயிலைத் துண்டு. ராத்திரியில் கதுப்பில் அடக்கிக்கொண்டே தூங்குவார். தலையணையில் காவிக் கறை இல்லாத நாள் கிடையாது. பல்லெல்லாம் கொட்டிய பிறகு ஒரு சின்ன உரலில் இடித்துப் போட்டார்.

1990-களின் கடைசியிலிருந்து சுகாதார அமைச்சின் பல் குழுவினர் தோட்டம் தோட்டமாக வந்து வாய்ப்புற்று சோதனை செய்கிறார்கள். எங்கள் தோட்டத்து மண்டபத்துக்கும் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு டார்ச் லைட்டு, கைப்பிடி வைத்த குட்டிக் கண்ணாடி ரெண்டு. "பல்லே நாலுதான் இருக்கு, இதுல என்னத்தப் பாக்கப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டே அம்மா போய் உட்கார்ந்தார். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து ரெண்டு பக்கமும் பார்த்தார் அந்த டாக்டர், மலாய்க்காரப் பெண். அப்புறம் கன்னத்தை விலக்கி ஒரே இடத்தில் ரொம்ப நேரம் டார்ச் அடித்தார். உள்ளே வெள்ளையாக ஒரு படை. துடைத்தார், போகவில்லை. ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதித்ததில் புற்றாகவில்லை, ஆனால் உயிரணுக்கள் மாறத் தொடங்கிவிட்டன என்று வந்தது. அறுத்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு அம்மா நிறைய வருஷம் இருந்தார். பேரப்பிள்ளைகள் கல்யாணம் வரை பார்த்தார்.

ரெண்டு வீடு தள்ளி இருந்த பெரியம்மா அன்றைக்கு மண்டபத்துக்கு வரவில்லை. வாய்ப்புண் என்று தேன் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் தாடையில் பாதியை எடுத்தார்கள். அதைப் பற்றி மேலே எழுத எனக்கு மனமில்லை.

இந்த நாட்டில் நூறு பேரை எடுத்தால் இந்தியர்கள் நாம் ஏழு பேர்கூட இல்லை. வாய்ப்புற்றுக் கணக்கில் மட்டும் நம் இனத்தின் பங்கு எப்போதும் அளவுக்கு மீறித்தான் இருக்கிறது. அதிலும் நம் பெண்கள். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் இது ஆண்களின் நோய். இங்கே நம் அம்மாக்களின் நோயாக ஆனதற்கு அந்தச் சுருக்குப் பைதான் காரணம். அம்மாவை மறுசோதனைக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் டாக்டர் ஒரே பாட்டைத்தான் பாடுவார்: போயிலையை விட்டுவிட்டேன் என்று பாக்கைத் தொடராதீர்கள். அம்மா தலையாட்டுவார். வீட்டுக்கு வந்ததும் உரல் சத்தம் கேட்கும்.

அப்போது அந்த டாக்டரிடம் நான் கற்றுக்கொண்ட ஒரு சோதனை உண்டு. ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து, செங்குத்தாக, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைக்க வேண்டும். நல்ல வாயாக இருந்தால் மூன்று விரலும் போகும்.

அந்தச் சோதனையை மறந்தே போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை தோட்டத் திடலில் பந்து விளையாட்டு. பையன்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனவள், ஆட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வாங்கிக்கொடுத்தேன். நம் வலதுபக்கத்து ஓட்டக்காரன் பொட்டலத்தைப் பிரித்தான். கரண்டியால் மிளகாய்ச் சம்பலை முழுக்க வழித்து, தாளின் ஓரத்தில் ஒதுக்கினான். சம்பல் பட்ட சோற்றையும் ஒதுக்கினான். மிச்சமிருந்த வெள்ளைச் சோற்றை வெள்ளரிக்காயோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றான். போன வருஷம் வரைக்கும் பக்கத்தில் இருப்பவன் சம்பலையும் சேர்த்துப் பிடுங்கித் தின்றவன் இவன்.

"என்னாடா, சம்பல் பிடிக்கலையா?"

"எரியுது ஆன்ட்டி. இப்பலாம் ஒறப்பே முடியல."

கையைக் கழுவச் சொல்லி, மூன்று விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஏதோ பந்தயம் என்று நினைத்து எல்லாப் பையன்களும் கூடவே வாயைத் திறந்தார்கள். எல்லாருக்கும் மூன்றும் போனது. ஒருவன் நாலாவதையும் நுழைக்கப் பார்த்து இருமினான். இவனுக்கு ரெண்டு விரல் போனது. மூன்றாவது விரல் பல்லில் முட்டிக்கொண்டு நின்றது. தள்ளிப் பார்த்தான். மற்றவர்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அப்புறம் மறுபடியும் வைத்துப் பார்த்தான், இந்தத் தடவை சிரிக்கவில்லை. போன் வெளிச்சத்தில் கன்னத்தின் உள்பக்கத்தைப் பார்த்தேன். சிகப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பலும் வெள்ளையுமாக வெளிறிப்போய் இருந்தது.

அவன் அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"கஞ்சாவா அக்கா?"

"இல்லம்மா."

"வேப்பா?"

விஷயத்தைச் சொன்னேன். நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். "பாக்குதானே அக்கா. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

அந்த ஆறுதலைக் கேட்டபோதுதான் எனக்குப் பகீரென்றது. கஞ்சா என்றால் அன்றைக்கே பையனை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பார். பாக்கு என்றதும் கிளினிக்குக்கு வர வைப்பதற்கு நான் திரும்பத் திரும்பப் போய்ப் பேச வேண்டியிருந்தது. கடைசியில் நானே வேனில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அரசாங்கப் பல் கிளினிக்கில் இளம் டாக்டர் ஒருவர் அவன் வாயை அளவுகோல் வைத்து அளந்தார். கன்னத்தை உள்ளும் புறமும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு நாளைக்கு எத்தனை பொட்டலம், எந்தப் பக்கம் வைப்பாய், எவ்வளவு நேரம் என்று பொறுமையாகக் கேட்டார். திட்டவில்லை. நோயின் பெயர் நீளமாக இருந்தது. விஷயம் இதுதான்: பாக்கில் உள்ள ஒரு பொருள் கன்னத்துத் தோலுக்கு அடியில் நார் நாராகச் சேரவைக்கிறது. இழுத்தால் நீளும் கன்னம், வெயிலில் கிடந்து காய்ந்த ரப்பர் ஷீட் போல விறைத்துவிடுகிறது. எரிச்சல் முதல் அடையாளம், வாய் சுருங்குவது அடுத்தது. இறுகிப் போன இடம் பழையபடி ஆகாது. இப்போதே நிறுத்தினால் இதற்கு மேல் இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம். சிலருக்கு வருஷங்கள் கழித்து அதே இடத்தில் புற்று வரும் என்பதால், நிறுத்தினாலும் விடாமல் சோதனைக்கு வர வேண்டும்.

ஐஸ்கிரீம் குச்சிகளைக் கட்டாக அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து வாயை விரிக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியைக் கூட்ட வேண்டும். அவன் குச்சியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவன் அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

பதினாறு வயதுப் பையன். சேலை கட்டிய கிழவிகளுக்கு வரும் வியாதி என்று நான் நினைத்திருந்தது, பள்ளிச் சீருடையில் வந்து நிற்கிறது. கிழவிகளுக்கு அது வர நாற்பது வருஷம் ஆனது. பொட்டலத்தில் வெற்றிலை கிடையாது, எல்லாம் காய்ந்த பாக்கும் போயிலையும்தான். மடித்துப் போடும் வேலையும் இல்லை. கிழித்தால் வாயில், ஒன்று முடிந்தால் இன்னொன்று. அதனால்தான் சின்ன வயதிலேயே வாய் இறுகிவிடுகிறது.

பள்ளி வாசலில் காத்திருக்கும் நேரத்தில் போனில் இதைப் பற்றித் தேடிப் படிப்பேன். அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில் ஷான் மார்சி என்று ஒரு பையன். பள்ளியில் பேர்போன ஓட்டக்காரன், 28 பதக்கம் வாங்கியவன். பன்னிரண்டு வயதில் உதட்டுக்குள் போயிலைத் தூள் வைக்கப் பழகினான். சிகரெட்டும் தொடமாட்டான், மதுவும் தொடமாட்டான், விளையாட்டுக்காரன் ஆயிற்றே. விளம்பரத்தில் பெரிய விளையாட்டு வீரர்களே போடுகிறார்களே என்று அம்மாவிடம் வாதாடினானாம். பதினெட்டு வயதில் நாக்கில் புண். நாக்கில் ஒரு பகுதியை வெட்டினார்கள், பிறகு கழுத்து, பிறகு தாடை. கடைசியில் பேச முடியாமல் எழுதிக் காட்டினான். 1984 பிப்ரவரியில் இறக்கும்போது அவனுக்கு 19 வயது. அவன் அம்மா போயிலைக் கம்பெனி மேல் வழக்குப் போட்டு 1986-இல் தோற்றார். ஆனால் அதே ஆண்டிலேயே அங்கே சட்டம் வந்தது, டப்பாவில் எச்சரிக்கை போட வேண்டும், டிவியிலும் ரேடியோவிலும் விளம்பரம் கூடாது என்று.

அந்த வயதில் வாய்ப்புற்று வருவது அபூர்வம். இதைச் சொல்லாமல் பையன்களை மிரட்டினால் அவர்களே கூகுளில் பார்த்துவிட்டு என்னைக் கேலி செய்வார்கள். ஆகவே ஷான் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்கிறேன். அவர்களுக்குச் சுருக்கென்று குத்துவது சாவுக் கதையல்ல, சம்பல் கதை. இனிமேல் வாழ்நாள் முழுக்க மிளகாய் கிடையாது என்றால் நம் பையன் யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசிப்பான்.

தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை, வருஷா வருஷம் புதுப்பிக்கிறார்கள். அப்படியும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் பிடித்தார்கள் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உட்கார்ந்திருக்கவில்லை. வீட்டில் பார்க்க வேண்டியதை வீட்டில்தான் பார்க்க வேண்டும். பையன் திடீரென்று உறைப்பை ஒதுக்குகிறானா, கொட்டாவி விடும்போது வாய் முழுக்கத் திறக்கிறதா, அறையில் காலி போத்தல் இருக்கிறதா, கீழ் உதட்டை இழுத்துப் பார்த்தால் உள்தோல் சுருங்கி வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ரெண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளைப் படை, சிகப்புத் திட்டு எது இருந்தாலும் தேன் தடவிக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். சிகப்புத் திட்டு இன்னும் மோசம்.

இன்னொன்றும் இருக்கிறது, கோபம் வந்தாலும் பரவாயில்லை. கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு வைக்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் மண்டப வாசலில் சின்னப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போகிற மாதிரி இனிப்புப் பாக்குப் பொட்டலத்தைக் கொட்டி வைக்கிறீர்களே, அதை நிறுத்தலாம். அஞ்சு வயதுப் பிள்ளை அதைக் கிழித்து வாயில் போட்டு, "ஸ்வீட்டா இருக்குப்பா" என்கிறது. பத்து வருஷம் கழித்து அது வேறு பொட்டலத்தைக் கிழிக்கும்போது அதே கைதான், அதே வாசம்தான். போன மாதம் ஒரு கல்யாணத்தில் இதைச் சொல்லப் போய், பெண் வீட்டுக்காரர்கள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

நம் பையன் விட்டானா என்று கேட்பீர்கள். விட்டான், மறுபடி தொட்டான், மறுபடி விட்டிருக்கிறான். முதல் சில நாள்தான் நரகம். தலைவலி, தூக்கமில்லை, முன் சீட்டை உதைத்துக்கொண்டே வந்தான். ஒரு தடவை தங்கச்சியின் புத்தகப் பையைத் தூக்கி வெளியே எறியப் பார்த்தான். கிளினிக்கில் சிகரெட்டை நிறுத்த உதவும் பிரிவிலேயே அவன் பெயரையும் பதிந்துகொண்டார்கள். புகைக்கிறவர்களுக்கு மட்டும்தானோ என்று கூச்சப்பட்டுக்கொண்டு யாரும் போகாமல் இருக்க வேண்டாம். எப்போது கை தேடுகிறது என்று ஒரு தாளில் குறித்து வரச் சொன்னார்கள். அவனுக்கு அது சாப்பிட்ட பிறகும் பயிற்சிக்குப் போகும் வழியிலும்தான். வாய் சும்மா இருந்தால்தானே தேடும் என்று நான் குவாச்சி, அந்த வறுத்த விதை, வாங்கிக்கொடுத்தேன். தோலைத் துப்ப ஒரு மைலோ டின்னையும் கடைசி சீட்டில் கட்டி வைத்தேன். இப்போது வேன் முழுக்கக் குவாச்சித் தோல், அது வேறு கதை.

இப்போதும் ரெண்டு விரலும் கொஞ்சமும்தான் போகிறது. மூன்றாவது போகும் என்று எதிர்பார்க்காதே என்று டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார். குச்சிப் பயிற்சியை மட்டும் விடாமல் செய்கிறான். பந்தும் விளையாடுகிறான்.

பல் குழு அடுத்த வாரம் மறுபடி தோட்டத்து மண்டபத்துக்கு வருகிறார்களாம். ஒவ்வொரு தடவையும் கிழவிகள்தான் வரிசையில் நிற்பார்கள். இளவட்டம் ஒன்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை. இந்தத் தடவை பள்ளி விட்டதும் வேனை நேராக மண்டப வாசலில்தான் நிறுத்தப் போகிறேன். கடைசி சீட்டுக்காரர்கள் எல்லாரும் வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் வண்டி கிளம்பும். நம் வேன் பெற்றோர்களே, அன்றைக்குப் பிள்ளைகள் வீடு சேரத் தாமதமாகும். டாக்டரிடம் காட்டச் சம்மதம் இல்லாதவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு வண்டி ஓட்டும்போது யாரும் போன் பண்ணாதீர்கள்.